சாளை எண்ணெய் பூசிய மாருதி

அன்பு மகன் சஜினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அப்பாவும் இங்கே சுகம். அங்கே நீயும் டெல்சியும் குட்டி மெர்லினும் காய்ச்சல் தலைவலி அண்டாமல் இருக்க வேண்டும் என்றுதான் ஜெபமாலை உருட்டும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் போதாதா, இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் வண்டிப் பேச்சை எடுத்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. போனைப் பாதியில் வைத்தால் பேச்சு போய்விடும், கடிதத்தைப் பாதியில் வைத்தால் அது மேசை மேலேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். தெற்குத் தெரு குளோரியின் மகன் ரெஜின் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே நெத்திலிக் கருவாடும் இருக்கிறது. பொட்டலத்தை அவிழ்ப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு, டெல்சி வறுக்க ஆரம்பித்தால் உனக்குக் கவனம் இங்கே நிற்காது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை வந்திருந்தபோது டெல்சிக்குப் பத்மநாபபுரம் அரண்மனையைக் காட்டலாம் என்று நம் மாருதியில் கிளம்பினோம் அல்லவா. தக்கலை போய்ச் சேர்வதற்குள் ரேடியேட்டர் கொதித்து, பானட்டிலிருந்து ஆவி பொங்கி, பிள்ளை பயந்து அலறிவிட்டது. நீ அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரத்தில் நின்று, இனி என் பிள்ளையை இந்த வண்டியில் ஏற்ற மாட்டேன் என்றாய். வண்டியைச் சொன்னதாகத்தான் நீ நினைத்திருப்பாய். ஓட்டியது நான். அந்தச் சொல் என் மேல்தான் விழுந்தது, இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது, பெற்ற பிள்ளையிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆனாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைக்காகப் பயப்படாதவன் என்ன தகப்பன். பிறகு அங்கே போனதும், பழைய வண்டியைத் தள்ளிவிடுங்கள், புது வண்டி புக் பண்ணுகிறேன் என்றாய். நான் சொன்னது ஞாபகம் இருக்கும். இந்த வருஷம் ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும், பிரேக் இன்ஸ்பெக்டர் தேறாது என்று சொல்லிவிட்டால் நானே இரும்புக்கடைக்காரனைக் கூப்பிடுகிறேன், தேறிவிட்டால் மெர்லின் என் வண்டியில் ஏறுவாள், நீ வாயைத் திறக்கக் கூடாது என்றேன். பார்க்கலாம்மா என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகவே நான் முந்தானையை இழுத்துச் செருகினேன்.

வண்டி கொதித்ததற்குக் காரணம் அதன் வயசு இல்லை மக்கா, உன் அப்பாவின் வாளி. தண்ணீர் குறைந்தபோதெல்லாம் நம் வீட்டுக் கிணற்றிலிருந்து கோரிக் கோரி ஊற்றியிருக்கிறார். நாம் வாய் கொப்பளிக்கவே யோசிக்கிற உப்புத் தண்ணீர் அது. ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தால் உப்பும் துருவும் சேறாகக் கொட்டுகிறது. பட்டறையில் கொடுத்து அடைப்பெடுத்து, குழாய்களை மாற்றி, இப்போது கூலண்ட் ஊற்றியிருக்கிறேன், வாளி கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டது. பிளக், ஏர் ஃபில்டர், பெல்ட், ஆயில் எல்லாம் நம் முற்றத்தில் வைத்து நானே மாற்றினேன். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. அப்பா மீன்பிடி வள்ளத்து இன்ஜினைப் பிரித்துப் போடும்போதெல்லாம் நட்டு போல்ட்டை மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக எடுத்துக் கொடுத்த கை இது. தெரியாததை யூடியூபில் ஒரு மலையாளத்துக்காரர் நிறுத்தி நிதானமாகச் சொல்லித் தருகிறார், நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் விளங்காதது ஒன்றும் இல்லை. கோட்டாறு ஸ்பேர் கடையில்தான் கொஞ்சம் அலுப்பாகிவிட்டது. எந்தச் சாமான் கேட்டாலும், வீட்டுல சார் இல்லியா, அவருட்ட ஒருக்கா கேட்டுக்கிடுதேன் என்பான் கடைக்காரன். சாருக்கு வாளி மட்டுந்தான் தெரியும், நீ எங்கிட்ட தா என்றேன், அதற்குப் பிறகு கேட்பதில்லை. ஒன்று மட்டும் உன் மனசு நிம்மதிக்காகச் சொல்கிறேன், பிரேக்கில் நான் கை வைக்கவில்லை. அதைப் பட்டறையில் விட்டு, முன்னும் பின்னும் புதுசு மாற்றி முடிகிறவரை பக்கத்திலேயே நின்றேன். டிரைவர் காலடியில் தகடு அரித்து ஓட்டை விழுந்திருந்ததையும் புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணியாகிவிட்டது.

எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்று நான் நிமிர்ந்த நேரத்தில்தான் உன் அப்பாவுக்கு ஞானம் உதித்தது. கடற்காற்றில் அடித்தகடு மறுபடி துருப்பிடிக்காமல் இருக்கப் பெயின்ட் அடிக்க வேண்டும், இன்ஸ்பெக்டரிடம் காட்டிய பிறகு அடிப்போம் என்று நான் சொல்லியிருந்தேன். அவருக்கு அது பொறுக்கவில்லை. கடல்ல கெடக்க வள்ளத்துக்கே சாளெண்ணதான் காவலு, ரோட்டுல ஓடுத வண்டிக்கு அது போதாதா என்று கேட்டார். நான் பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் வண்டியைக் காட்ட வேண்டும் என்றிருக்க, நான் சாயங்காலப் பூசைக்குப் போன நேரம் பார்த்து அடியில் படுத்துச் சாளை மீன் எண்ணெயை வள்ளத்துக்குப் பூசுவது போலவே இரண்டு கை பூசிவிட்டார். இரும்பென்றால் எல்லாம் இரும்புதானே என்று சைலன்சரையும் விடவில்லை, அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. பூசை முடிந்து வந்தால் தெருவிலுள்ள பூனை அத்தனையும் நம் வண்டிக்கு அடியில் கூட்டம் கூடியிருக்கிறது. பக்கத்து வீட்டு வேளாங்கண்ணி என்னைப் பார்த்து, ஏ செசிலி, வண்டிக்க உள்ள மீனு வச்சு மறந்துட்டியளா என்று கேட்கிறாள். அன்று ராத்திரி உன் அப்பாவுக்குக் கஞ்சியைக் கொஞ்சம் வேகமாக வைத்தேன்.

காலையில் நான் ஓட்ட, அப்பா பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெரிய மனுஷராக உட்கார, நாகர்கோவிலுக்குப் போனோம். வழியெல்லாம் சாளை வறுக்கிற வாசம். மைதானத்தில் வரிசையில் நின்று எங்கள் முறை வந்ததும் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்க்கிறார், அடியிலிருந்து புகை குபுகுபுவென்று வருகிறது. என்னம்மா, இன்ஜின் எண்ண குடிக்கோ என்று கேட்டார். இரும்புக்கடை கண்ணுக்கு முன்னால் வந்தது, உன் சிரிப்பும் காதில் கேட்டது. உன் அப்பா இறங்கி நின்று, குடிக்கல்ல சார், எண்ண தேச்சிருக்கு என்றார் பெருமையாக. அந்த மனுஷர் நல்லவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, புகை நிற்காமல் நான் கையெழுத்துப் போட முடியாது, ஓரமாகப் போட்டுத் துடைத்துவிட்டு வாருங்கள், இன்று முடியாவிட்டால் தேறவில்லை என்றுதான் எழுத வேண்டி வரும் என்றார். அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, முந்தின நாள் படுத்துப் பூசியதன் கூலி. வேப்பமரத்தடியில் நிறுத்தி, சைலன்சர் ஆறுகிறவரை காத்திருந்து, சாக்கை விரித்து நான்தான் அடியில் படுத்தேன். பக்கத்துக் கடையில் வாங்கிய சோப்புத்தூளும் தேங்காய்த் தும்பும் வைத்து, அடுக்களையில் கரிப்பானையைத் தேய்ப்பது போல முனை வரைக்கும் தேய்த்தேன். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் ஒரு பொட்டுப் புகை இல்லை. இன்ஸ்பெக்டர் முன் சீட்டில் ஏறிக்கொண்டு, ஓட்டுங்கள் என்றார். ஓட்டினேன். நிறுத்துங்கள் என்று திடீரென்று சொன்னார். நிறுத்தினேன், வண்டி அடித்து வைத்த ஆணியாக அங்கேயே நின்றது, பின் சீட்டுக்கு மாறியிருந்த உன் அப்பா மட்டும் நிற்காமல் முன் சீட்டில் வந்து மோதினார். பிரேக்கு கொள்ளாம், நல்லாருக்கு, யாரு பாக்குதா வண்டிய என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அவருக்கு மீன் வாசம் தாங்காமல் என்று தோன்றியிருக்கும். இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஓடலாம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று.

ஆக, புது வண்டி புக்கிங்கை வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்தப் புது வண்டிகளில் பானட்டைத் திறந்தால் இன்ஜின் மேல் இன்னொரு மூடி இருக்கிறது, எனக்கு அதில் என்ன வேலை. உன் வண்டியையும் ஏ.சி. ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதே, அந்த வெயிலில் டயர் வெடித்து நிற்கும், வாரம் ஒரு தடவை காற்றுப் பார். வேலை வேலை என்று ராத்திரி கண் விழித்துவிட்டுக் காலையில் ஸ்டியரிங்கைப் பிடிக்காதே. டெல்சிக்குக் கழுத்து வலி எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல். அப்பா மோதி வீங்கிய நெற்றியோடு பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், எண்ணெய் பூசியதை எழுதாதே என்கிறார். அடியில் துரு வரவில்லை என்பது உண்மைதான், அதை மட்டும் எழுது என்கிறார், எழுதிவிட்டேன். சைலன்சரைத் தொட மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் மூன்று பேரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், போகிற வழியும் வருகிற வழியும் நல்ல வழியாக இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வருகிறீர்கள், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நான்தான் வண்டி கொண்டு வருவேன். பின் சீட்டில் பெல்ட் போட்டு, பிள்ளைக்கென்று தனிச் சீட்டும் இறுக்கி வைத்திருக்கிறேன், நானே இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டேன். நீ வாடகைக் கார் பேசி வைத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டாம். பெட்டிகளை அதில் ஏற்று, உனக்குப் பயமாக இருந்தால் நீயும் அதிலேயே ஏறி எனக்குப் பின்னால் வா. மெர்லினை மட்டும் என்னிடம் தா.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
செசிலி ததேயுஸ்