மேற்படி நாளில் எண் 63 வந்திருந்தது குறித்து

அனுப்புநர்
நேர்காணல் எண் 63-க்கு உரியவரின் மனைவி,
சலவைக்கடையில் இஸ்திரி போடுபவர்,
மூன்றாம் மாடி, பின்பக்க வீடு.

பெறுநர்
பணியாளர் தேர்வு அலுவலர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் அலுவலகம்.

பொருள்: பண்டகசாலை உதவியாளர் பணி – நேர்காணலுக்கு என் கணவர் ‘வரவில்லை’ என்று பதிந்ததைத் திருத்தி, மறுவாய்ப்பு வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் தறிக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆலையை மூடி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தறிச் சத்தத்தில் அவருக்கு இடது காது முழுவதும் போய்விட்டது; வலது காது பாதி. கோபம் வந்தால் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று நானே சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தப் பழமொழியை வாயில் எடுப்பதில்லை.

2. தங்கள் விண்ணப்பத்தில் ‘உடற்குறை ஏதும் உண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியது நான். இந்த மனுவின் கையெழுத்தோடு ஒப்பிட்டால் தெரியும். இதற்கு முன் நான்கு இடங்களுக்கு உண்மையை எழுதினோம். ஓரிடத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை. “பொய் எழுதாதே, பின்னாடி மாட்டிக்குவோம்” என்றார் என் கணவர். “முதல்ல உள்ள போங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்று அவர் வாயை அடைத்தவள் நான்.

3. அழைப்பு வந்ததும் இருபத்திரண்டு நாள் பயிற்சி எடுத்தோம். சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் நான் அதிகாரியாக உட்கார்வேன். இருப்புப் பதிவேட்டை எப்படி எழுதுவது, சரக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பது, எலி புகுந்தால் என்ன செய்வது என்று எல்லாம் கேட்டேன். அவர் என் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு பதில் சொல்வார். “எதுக்கு இந்த வேலைக்கு வர்றீங்க?” என்றால், “வீட்ல பொண்டாட்டி தொல்லை தாங்கலை சார்” என்பார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் சிரித்ததை அந்த மேசையில்தான் பார்த்தேன். எதிரே உட்கார்ந்து கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் தயார் செய்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

4. நேர்காணல் நாளான ஆகஸ்ட் 20 அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்து, நேர்காணல் நன்றாக நடந்தது என்றார். கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். நாங்கள் பழகிய அதே கேள்விகள், அதே வரிசை. “பாத்தீங்களா, நான் சொன்னதையேதான் கேட்டிருக்காங்க” என்று பெருமைப்பட்டுக்கொண்டேன், ஐயா.

5. பதினோராம் நாள் தங்கள் கடிதம் வந்தது. மூன்று முறை அழைத்தும் வராததால் விண்ணப்பம் முடித்துவைக்கப்பட்டது என்றிருந்தது. அவரைக் கேட்டேன்; கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். மறுநாள் நானே தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். வாசலில் இருக்கும் உதவியாளருக்கு அவரை நினைவிருந்தது. “நீலச் சட்டைக்காரர்தானே? காலைலேர்ந்து கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தாரும்மா. கதவைப் பூட்டறப்ப, இன்னும் கூப்பிடலையேன்னு கேட்டாரு” என்றார். மதியம் சாப்பிடக்கூட எழுந்து போகவில்லையாம். பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. கேட்டால் காது விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயந்திருக்கிறார். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது என் பொய்தான்.

6. ஆகையால், விண்ணப்பத்தில் நான் எழுதிய ‘இல்லை’யை அடித்துவிட்டு ‘உண்டு’ என்று திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இதை எழுதுவதால் இருக்கிற கதவையும் நானே சாத்துகிறேனோ என்று நினைத்தே இந்த வரியை மூன்றாம் முறையாக எழுதுகிறேன். பொய்க்குத் தண்டனை இருந்தால் அது எனக்கு உரியது. சீட்டைப் படித்துச் சரக்கு எடுத்துக் கொடுக்க அவருடைய வலது காதே போதும். இன்னும் ஒரே ஒரு முறை அவரை அழையுங்கள். யாராவது அவர் முன்னால் வந்து நின்று கூப்பிடும்படி உத்தரவிடுங்கள்.

7. வேலை தருவதும் தராததும் தங்கள் முடிவு. வேலை இல்லை என்பது அவருக்குப் பழகிப்போன சொல். ‘வரவில்லை’ என்ற அந்தக் கடிதத்தைத்தான் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறார். மறுவாய்ப்புக்கு விதி இடம் தராவிட்டால், அந்தக் கடிதத்துக்குப் பதிலாக, காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை அவர் அங்கே இருந்தார் என்று ஒரு வரி எழுதி, தங்கள் முத்திரையிட்டு அவருக்கு அனுப்பிவையுங்கள். வந்திருந்தவர் கணக்கில்தான் நீங்கள் என்று நான் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

இடம்: மேற்படி முகவரி
நாள்: செப்டம்பர் 9

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
எண் 63-இன் மனைவி