புது டிவியில் தெரிந்தது

சேலையூர்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள எழில்,

நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். நீ நலமா என்று எழுதுவது வழக்கம். இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

மாடி வீட்டு சினேகா வியாழக்கிழமை டப்ளினுக்குக் கிளம்புகிறாள், பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் கொடுத்தனுப்புகிறேன், நடுவில் இந்தக் கடிதம் இருக்கும். போனில் கேட்டால் நீ "ஒண்ணுமில்லம்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

முதலில் நீ வாங்கி அனுப்பிய டிவி. வந்த நாளிலிருந்து படம் மங்கல். பையன் ஆசையாக வாங்கிக்கொடுத்ததைக் குறை சொல்லக்கூடாது என்று அப்பா உன்னிடம் சொல்லவிடவில்லை. ரிமோட்டை வைத்துக்கொண்டு வெளிச்சத்தை ஏற்றினார், நிறத்தை ஏற்றினார், செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் தக்காளித் தொக்கு மாதிரி ஆனது. கேபிள்கார ஜெயவேலு வந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், புது மாப்ளைக்குப் பழைய வேட்டி கட்டி உக்கார வெச்சிகினு கீற" என்று சிரித்தார். பழைய செட்டாப் பாக்ஸை அதே சிவப்பு, மஞ்சள், வெள்ளை ஒயரில் அப்பா மாட்டியிருந்தார். ஜெயவேலு எச்டி பாக்ஸும் எச்டிஎம்ஐ ஒயரும் போட்டார். கடையில் பளபளவென்று காட்டுவதற்கான செட்டிங்கை எடுத்துவிட்டு சினிமா மோடில் வைத்தார். ஷார்ப்னஸைக் குறைத்தார். கூட்டினால் தெளிவாகும் என்று நாங்கள் நினைத்திருந்தோம், ஓரமெல்லாம் கோடு கோடாகத்தான் வருமாம். கொஞ்சம் தேவலை. ஆனாலும் மார்கழிப் பனியில் பார்க்கிற மாதிரியே இருந்தது.

திரையின் மேல் கம்பெனி ஒட்டியனுப்பிய பிளாஸ்டிக் தாளை அப்பா உரிக்கவிடவில்லை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். ஃப்ரிட்ஜ் கதவில் அது தானாகக் கிழிந்து தொங்கும்வரை இருந்தது. ஜெயவேலுவும் தொடவில்லை, "அத்த மட்டும் பிச்சிராத சார், கீறல் வுழும்" என்றார். அவர் வீட்டு டிவியிலும் அப்படியேதான் இருக்கிறதாம். சனிக்கிழமை துடைக்கும்போது மூலையில் நுனி தூக்கியிருந்தது. அப்பா மார்க்கெட்டில். இழுத்தேன். சர்ரென்று முழுவதும் வந்துவிட்டது. அப்பா பையும் கையுமாக வாசலில் நின்று, "என்னடி பண்ணிட்ட" என்றார். பிறகு டிவியைப் போட்டார். பள்ளிக்கரணைச் சதுப்பில் பறவைகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாரையின் காலில் ஒட்டிய சேறு தெரிந்தது. நாற்காலியை முன்னால் இழுத்தார், மறுபடி பின்னால் தள்ளினார். "இவ்ளோ நாள் இதையா மூடி வெச்சிருந்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் நீ கூப்பிட்டாய். சினேகா இறங்கி வந்து உன்னை டிவியில் வரவைத்தாள். போனில் நீ என் உள்ளங்கை அளவு. இதில் எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி. கன்னம் ஒட்டியிருந்தது. அதைக்கூடக் குளிர் என்று விட்டிருப்பேன். டீ கப்பை எடுத்தபோது உன் சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை. போன வருஷம் அப்பாவை ஆபரேஷனுக்குச் சேர்த்தபோது பெயர் அச்சடித்துக் கட்டினார்களே, அது. நீ உடனே கையைக் கீழே இறக்கிக்கொண்டாய். இங்கே மழை என்றாய். இங்கே வெயில் என்றேன்.

சினேகா இருந்ததால் கேட்கவில்லை. அப்பா கவனிக்கவில்லை என்றும் நினைத்தேன், அவர் பாட்டுக்கு "படம் ஜோரா இருக்குடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேற்றுக் காலை சொல்லாமல் கிளம்பிப் போனார். மத்தியானம் சட்டைப் பையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு வந்தார். காது இரண்டும் தெரிய, சிரிக்காமல். கூடுவாஞ்சேரிக் கல்யாணத்துக்குப் போகவே சலித்துக்கொள்கிற மனுஷன், பாஸ்போர்ட் எடுக்கப்போகிறாராம். "சாயந்திரம் நீயும் வா, உனக்கும் எடுக்கணும்" என்றார். நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

நீ மறைத்தது எங்களுக்காகத்தான். கோபம் இல்லை. சின்னதாக இருந்தால் சின்னது என்று சொல். பெரியதாக இருந்தால் அதையும் சொல். இரண்டும் தெரியாமல் அப்பா இரண்டு நாளாக டிவி போடவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. பருப்புப்பொடிக்கு நல்லெண்ணெய் தனியாக வைத்திருக்கிறேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்கவேண்டும். இதில் அப்பாவின் ஆசியும் இருக்கிறது.

ஒன்றை மறக்காதே. இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது ஜன்னலுக்கு எதிரே உட்கார், முகத்தில் வெளிச்சம் விழட்டும். குளிராக இருந்தாலும் பரவாயில்லை, ஹீட்டரைப் போட்டுக்கொள். அரைக்கைச் சட்டையில் வா.

உன் முகத்துக்காகக் காத்திருக்கும்
அம்மா
கனகவல்லி