நெற்றியில் போட்ட சிலுவை

தங்கச்சிக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

டோல்கேட்டில் என் தாலிச் செயினை அறுத்தவனை அடையாளம் காட்ட இன்று புழல் ஜெயிலுக்குப் போனேன். ஒரே வயசுப் பையன்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒருவன்தான் திருடன். மற்றவர்கள் வேறு வழக்குகளில் உள்ளே இருப்பவர்களாம். "யாருன்னு தெரிஞ்சா தொட்டுக் காட்டுங்கம்மா, வேற யாரையும் தொடக் கூடாது" என்றார் மாஜிஸ்திரேட்.

திருடனைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவனை நோக்கித்தான் நடந்தேன். அவனுக்குப் பக்கத்தில் உன் பிள்ளை லூர்து நின்றான்.

மும்பையில் கப்பல் வேலை என்றாயே, அதே லூர்து. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்தான். சின்ன வயசில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது என் முன்னால் குனிவானே, அப்படி. என் கட்டைவிரல் தானாகப் போய் அவன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டது.

தப்பான ஆளைத் தொட்டேன் என்று மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். என் கை இன்னும் லூர்து நெற்றியில்தான் இருந்தது. செயினை அறுத்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா பெரிம்மா, அம்மா உன்னாண்ட சொல்லவேயில்லியா? வாரா வாரம் வந்துகினுதானே கீது?" என்று மெதுவாகக் கேட்டான் லூர்து.

ஏன்டி? ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் என் பக்கத்தில்தானே உட்காருகிறாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு போயிருப்பேனே.

அவன் நெற்றி சுட்டது, காய்ச்சல்போல. அடுத்த வாரம் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போ.

உன் அக்கா