மாமிக்குக் காட்டிய கப்பல்

இன்று காலை பக்கத்து வீட்டுப் படகுக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தார்கள். சன்னல் வழியே அந்த வாசனை வந்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டேன். விடுப்பில் வரும்போதெல்லாம் உங்கள் சட்டையில் அதுதான் இருக்கும். நீங்கள் கண்ணை மூடி ஆறு வருடமாகிறது.

உங்கள் கப்பலை நான் கண்ணால் கண்டதே இல்லை. நீங்கள் சொல்லித்தான் தெரியும். வெள்ளைக்காரன் சண்டைக்காகக் கட்டியது; மணலில் ஏறி நின்று, முன்பக்கக் கதவைத் திறந்து டாங்கிகளை இறக்குமாம். நம் கடற்படைக்கு வந்தபின் அரிசி மூட்டைகளும், அந்தமானில் குடியேறப் போன சனங்களும் அதே வயிற்றில் போனார்கள். அடி தட்டையானதால் சிறு காற்றுக்கும் உருளும் என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னீர்கள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடம் இருக்கும். பம்பாயிலிருந்து அந்தமானுக்குப் போகிறோம், வியாழன் மதியம் குளச்சலைத் தாண்டுவோம் என்று எழுதியிருந்தீர்கள். மாமியை, உங்கள் அம்மாவை, அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். காற்று பலத்து, கட்டுமரங்களை மேட்டில் ஏற்றியிருந்தார்கள். உங்கள் அப்பாவைக் கொண்டுபோன கடல். மாமிக்குக் கண் மங்கல். மாலைவரை நின்றோம், ஒன்றும் வரவில்லை.

"தெரியுதா மக்கா?" மாமி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாலாம் தடவையாகக் கேட்டார்.

"தெரியுது மாமி. அன்னா போவுது."

மாமி நெற்றியில் குருசு வரைந்துகொண்டார். மருமகள் கப்பலைக் கண்டாள் என்று தெருவெல்லாம் சொன்னார். கப்பல் வரவில்லை என்று யாரிடமும் சொல்லவும் முடியாது. தபால்காரர் வரும் நேரம், கெட்ட சேதி வருமோ என்று கொல்லையில் போய் நின்றுகொள்வேன்.

பன்னிரண்டாம் நாள் நீங்களே வந்து நின்றீர்கள். எஞ்சின் பழுதாகி, இரண்டு நாள் அலைந்து, கொச்சிக்கு இழுத்துப் போனார்களாம். அதைப் பிறகுதான் என்னிடம் சொன்னீர்கள். வாசலில் மாமி முந்திக்கொண்டு, நாங்கள் கப்பலைப் பார்த்த கதையைச் சொன்னார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

"ஆமாம்மா. நானும் மேல நின்னு ஒங்க ரெண்டு பேரையும் பாத்தேன்" என்றீர்கள், எஞ்சின் அறையை விட்டு ஏறாத மனிதர்.

மாமி அடக்கம் முடிந்த அன்று ஒரே ஒரு தடவை கேட்டீர்கள்: "அன்னைக்கு ரொம்பப் பயந்தியா?" இல்லை என்றேன்.

பயந்தேன். காற்று எழும் நாட்களில், நீங்கள் கடலில் இல்லை என்று தெரிந்தும், இன்னும் பயப்படுகிறேன்.