நீ அனுப்பிய கடிகாரம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு முன்னைக்கு இப்போது தேவலை. வலது கை இன்னும் அசையவில்லை. பேச்சும் அப்படித்தான், ஒரே ஒரு வார்த்தைதான் வருகிறது. பசிக்கிறதா என்று கேட்டாலும் "சரி", வலிக்கிறதா என்று கேட்டாலும் "சரி". கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயிலிருந்து கேட்க ஆசைப்பட்ட வார்த்தை, இப்போது காது புளிக்கக் கேட்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஆஸ்பத்திரி கேன்டீனில், மூலை மேஜையில், சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்து எழுதுகிறேன். அறையில் எழுத முடியாது. ஏன் என்று சொல்கிறேன், அவசரப்படாதே.

அப்பா கட்டிலிலிருந்து விழுந்த பிறகு அறையில் மேலே கேமரா வைத்தார்கள் அல்லவா, என்னைக் கேட்டு, என் கையெழுத்து வாங்கித்தான் வைத்தார்கள். கீழ்த்தளத்தில் ஒரு பெண் பார்த்துக்கொண்டே இருப்பாள். அப்பா கம்பியைத் தாண்டிக் காலை வைத்தால் "ஐயா, எழுந்திருக்காதீங்க, சிஸ்டர் வந்துட்டே இருக்காங்க" என்று அதிலிருந்து குரல் வரும். போன வாரம் நான் மருந்து வாங்கப் போயிருந்தபோது அந்தக் குரல்தான் அவரைக் காப்பாற்றியது. அப்படியும் எனக்கு அது பிடிக்கவில்லை. துணிக்கடையில் காலமெல்லாம் நின்றவள் நான். யார் எந்தத் துணியை எந்தப் பைக்குள் சுருட்டுகிறார்கள் என்று பார்த்தே பழகிய கண். அந்தக் கண்ணுக்கு என்னையே ஒருத்தர் பார்ப்பது எப்படிப் பிடிக்கும்?

அப்புறம் உன் போன்கள் வர ஆரம்பித்தன. "அந்த நீலப் போர்வையை ஏம்மா இன்னும் மாத்தல?" என்று கேட்டாய். போர்வை நீலம் என்று நான் உன்னிடம் சொல்லவே இல்லை, வீடியோ காலில் காட்டியதும் இல்லை. "மத்தியானம் ஏன் சாப்பிடல?" என்றாய். நான் சாப்பிடாதது எனக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் மட்டும்தான் தெரியும். போன வியாழக்கிழமை, "அப்பாகிட்ட கொஞ்சம் பொறுமையா இரும்மா" என்றாய். உன் குரலே வேறாக இருந்தது. நான் எப்போது பொறுமை இழந்தேன் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. யாரோ இங்கிருந்து உனக்குக் கோள் மூட்டுகிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

வார்டு ஆயாவின் மேல்தான் முதல் சந்தேகம். அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு அறைச் செய்தியை அடுத்த அறைக்குப் போய்ச் சேர்ப்பதற்குள் இரண்டு மடங்காக்கிவிடுவாள். நேராகவே கேட்டுவிட்டேன். "என் வீட்டு ஆளுங்க நம்பரே எனக்கு ஞாபகம் இருக்காது, உங்க பையன் நம்பரை வச்சிட்டு நான் என்னம்மா பண்ணப் போறேன்?" என்று அழாத குறையாகச் சொன்னாள். போகிற போக்கில், ஜன்னல் மேல் இருக்கும் கடிகாரம் ஏன் இப்படிச் சுடுகிறது, துடைக்கவே பயமாக இருக்கிறது என்றும் முணுமுணுத்தாள். நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

அடுத்து கேமராவின் மேல் சந்தேகம் திரும்பியது. கீழ்த்தளத்துக்கே போய்க் கதவைத் தட்டினேன். சின்னப் பெண், கண்ணெல்லாம் சிவந்து, முன்னால் வரிசையாகத் திரைகள். நான் சண்டைக்குத்தான் போனேன். அவள் எனக்கு ஒரு நாற்காலி போட்டாள். எந்தப் படமும் இந்த அறையை விட்டு வெளியே போகாது என்றாள். உடம்பு துடைக்கும்போது சிஸ்டர் பொத்தானை அழுத்தினால் கேமரா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும் என்றாள். அப்படித் திரும்பிய ஒரு அறையின் திரையையும் காட்டினாள். வெறும் சாம்பல் நிறம்.

கண்ணால் பார்த்தும் மனசு கேட்கவில்லை. என்னைச் சந்தேகப் பிராணி என்று உன் அப்பா சும்மாவா சொன்னார்? மறுநாள் நான் அவருக்கு உடம்பு துடைக்கும் நேரம். சிஸ்டர் பொத்தானை அழுத்தினாள், கேமரா திரும்பியது, அவள் வெளியே போனாள். அவருக்குத் தண்ணீர் வாய் வழியாகக் கொடுக்கவே கூடாது, புரையேறி உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் காலி டம்ளரை எடுத்து அவர் வாய்கிட்டே கொண்டுபோனேன். கேமரா பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பெண்ணின் குரல் வரட்டும் என்று காத்திருந்தேன்.

குரல் வரவில்லை. என் போன் அடித்தது. நீ. "அம்மா, அப்பாவுக்குத் தண்ணி கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? சும்மாதான் கேட்டேன்" என்றாய். உன் ஊரில் அப்போது பொழுதுகூட விடிந்திருக்காது.

ஏதோ சொல்லிச் சமாளித்துப் போனை வைத்துவிட்டு, இந்த அறையில் கட்டிலைப் பார்த்தபடி இருப்பது வேறென்ன என்று மெதுவாகச் சுற்றிலும் பார்த்தேன். அப்பாவுக்கு நேரம் தெரியட்டும் என்று நீ அனுப்பிய கடிகாரம் இருந்தது. கண்ணாடி போடாமல் அவருக்கு அந்தத் தூரத்தில் மணி தெரியாது என்று உனக்குத் தெரியுமே. அதை வைத்துவிட்டுப் போக வந்த உன் சிநேகிதன் எதற்கு வைஃபை பாஸ்வேர்டு கேட்டான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரேடியோவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். காரணம் சொல்லவில்லை. என் பிள்ளை என்று எப்படிச் சொல்வேன்?

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். டம்ளரில் நிஜமாகவே தண்ணீர் இருந்து, என் புத்தியும் மழுங்கியிருந்தால், உன் போன்தான் அவரைக் காப்பாற்றியிருக்கும். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் நீ வீடியோ காலில் வரும்போதெல்லாம் முதலில் அவருக்குத் தலை சீவி, வாயைத் துடைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுத்தான் போனைத் திருப்புவேன். பொத்தான் போடும்வரை அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். பிள்ளைகள் முன்னால் ஒரு நாளும் சட்டை இல்லாமல் நின்றதில்லை அவர். அந்த மனுஷனை நீ எந்தக் கோலத்தில் எல்லாம் பார்த்தாய் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அந்த வியாழக்கிழமை விஷயமும் இப்போது புரிகிறது. கடிகாரம் இருக்கும் இடத்திலிருந்து என் முதுகும், நான் ஓங்கிய தலையணையும்தான் உனக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு அவரிடம், "உங்களை விட்டுட்டு எங்கேயாவது ஓடிப் போயிடட்டுமா?" என்று கேட்டேன். "சரி" என்றார். அடப்பாவி மனுஷா என்று தலையணையை ஓங்கினேன். படுக்கையில் விழுந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. நானும் சிரித்தேன். அந்தக் கடிகாரத்துக்குக் காது இருந்திருந்தால் அது உனக்குக் கேட்டிருக்கும். அவரை நான் அடிப்பேன் என்றா நினைத்தாய்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கண்ணா.

கடிகாரத்தை உடைக்கவில்லை. ஒயரைக்கூடப் பிடுங்கவில்லை. அப்பாவை விட்டுத் திருப்பி, கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் நாற்காலியைப் பார்த்து வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்களுக்காகப் போட்ட நாற்காலி அது. நான் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அந்த நாற்காலியை நீ நிறையப் பார்த்திருப்பாய்.

பெரியவன் வந்து இதில் உட்காரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். வழக்கம்போல "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நான் ஒன்றும் கேட்காமலே, நாற்காலியைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார்.

விடியும்வரை முழித்திருக்காதே. வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா