புளியால் போன கறை

12-8-1964, புதன்.

அண்ணாமலை நகரில் எங்களுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில், கக்கூஸ் பீங்கானெல்லாம் பழைய துருக்கறை. புளிப்பு துருவைக் கரைக்கும் என்று சயின்ஸ் டீச்சர் சொல்லியிருந்தார். அம்மாவுக்குத் தெரியாமல் மூன்று நாள் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தேன். இன்று காலை பீங்கான் வெளுத்துவிட்டது. வகுப்பில் எழுந்து சொன்னேன். டீச்சர் பாராட்டினார்.

மத்தியானச் சாப்பாட்டின்போது வசந்தா கேட்டாள்: “உன் கையாலயாடி தேய்ச்ச?”

“ஆமாம். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்டி.”

“அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்கல்ல?”

தன் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துக்கொண்டாள். மற்றவர்களும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். தினமும் என் எலுமிச்சம் சாதத்துக்கு அடித்துக்கொள்கிறவர்கள், இன்று ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

அம்மா அவர்களுக்கும் சேர்த்துத்தான் கட்டித் தருகிறாள். நாளையிலிருந்து எனக்கு மட்டும் போதும் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள்.