சர்க்கரைக்காகப் பிடித்த சண்டை

10.11.2004, புதன். ஹம்பேர்க்.

பேக்கரியில் புதிதாகச் சேர்ந்த நோர்வேப் பெண், சீனி வாளியில் தன் மொழியில் 'சுக்கெர்' என்று எழுதி ஒட்டினாள்.

"அந்தச் சொல்லே எங்கள் வணிகர்களிடமிருந்து போனதுதான்" என்று ஜேர்மன்கார முதலாளி பெருமையடித்தார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அதற்கு முன் அது எங்கள் பக்கத்துச் சொல், சர்க்கரை" என்றேன்.

"எல்லாம் உங்களிடம் இருந்ததென்றால், நீ ஏன் இங்கே வந்தாய்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. இவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டார்: "சீனி போடட்டோ?"

சீனி. பொங்கல் நாளைத் தவிர, நான் சண்டை பிடித்த 'சர்க்கரை' என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்குவதேயில்லை.

"எனக்குப் போடாதேங்கோ" என்றேன்.